பன்னிரண்டு தலைகள்

தரையில் கிடந்த பன்னிரண்டு துண்டுச் செய்திகளைப் பார்க்கப் பார்க்கச் சிறுமி குருவிக்குத் தலை சுற்றியது. எது ஜனவரி, எது டிசம்பர்? கடவுளுக்கே வெளிச்சம்!

'நீலக்குடை' பாட்டுக்குழு இந்த ஆண்டு அடித்த கூத்தையெல்லாம் மாதத்துக்கு ஒன்றாக அவள் வெட்டி வைத்திருந்தாள். பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டையில் அவற்றை ஒட்டி, நாளைக் காலை வகுப்புச் சுவரில் ஏற்ற வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று தேதிகளை வெட்டி எறிந்தவளும் அவளேதான். வரிசையாக அடுக்கியதை மின்விசிறியைப் போட்டுப் பறக்கவிட்டது மட்டும்தான் தம்பி பொட்டலத்தின் வேலை.

"வேணும்னு செய்யலக்கா." பொட்டலத்தின் உதடு பிதுங்கியது.

"தெரியும்டா. அழாம பொறுக்கு." அவளுக்கும் அழுகைதான் வந்தது. இரண்டு பேரும் அழுதால் யார் ஒட்டுவது?

அண்ணனைக் கேட்டாள். "முதல்ல குழு பிரிஞ்சுது. அப்புறம் சேர்ந்துது" என்றான்.

"இல்லவே இல்ல" என்றார் அப்பா. "சேர்ந்துதான் இருந்தாங்க. பிரிஞ்சாங்க, சேர்ந்தாங்க, மறுபடி பிரிஞ்சாங்க."

"அந்தச் சோகப் பாட்டு எப்பப்பா வந்துது?"

"பிரிஞ்சப்போ."

"எந்தப் பிரிவுல?"

குருவிக்குக் குழப்பம் இரண்டு மடங்கானது.

அப்போது பார்லர் நடத்தும் சித்தி, விரல்களை நீவிக்கொண்டே உள்ளே வந்தாள். "அந்த நீலக்குடைப் பாடகியால என் விரலே தேஞ்சுபோச்சு! டிவியில மாசத்துக்கு ஒரு தலையோட வர்றா. மறுநாளே ஊர்ல பாதிப் பேர் அதே மாதிரி வேணும்னு வந்து நிக்கிறாங்க."

குருவி துண்டுகளை உற்றுப் பார்த்தாள். ஒரு படத்தில் பாடகிக்கு முடியின் நுனி நீலம். இன்னொன்றில் ஒற்றைச் சடை.

"சித்தி, யாருக்கு என்ன வெட்டுன்னு எழுதி வைப்பீங்களா?"

"எழுதாம? 'போன தடவை மாதிரியே'ம்பாங்களே. தேதியோட நோட்டுல இருக்கு."

"நீல நுனி எப்போ?"

சித்தி பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். "மார்ச். ஒரே வாரத்துல ஒன்பது பேர்."

நீல நுனிப் படத்தோடு இருந்த, குழு பிரிந்த செய்தி மார்ச்சில் உட்கார்ந்தது. ஒற்றைச் சடை ஜூன், அந்தச் செய்தியில் குழுவினர் சேர்ந்துவிட்டார்கள். சோகப் பாட்டு, சுருட்டை முடியோடு அக்டோபருக்குப் போனது.

மற்றவையும் இப்படியே இடம் பிடிக்க, கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. டிரம்மர் தனியாகப் பாடிய செய்தி. படத்தில் அவர் மொட்டை.

"இந்த வெட்டு கேட்டு யாரும் வரலையே" என்றாள் சித்தி. மறுபடி குழப்பம்.

பொட்டலம் அட்டையின் கட்டங்களை விரல் வைத்து எண்ணினான். "அக்கா, ஆகஸ்ட் மட்டும் காலியா இருக்கு!"

குருவி பசையை அவன் கையில் கொடுத்தாள். "நீயே ஒட்டுடா."

மறுநாள் அட்டை சுவரில் ஏறியது. டிசம்பர் கட்டத்தில், குழு மீண்டும் சேர்ந்த மகிழ்ச்சியில், கழுத்தளவு முடியோடு பாடகி சிரித்தாள்.

டீச்சர் உள்ளே வந்தார். கழுத்தளவு முடி. வகுப்பே அட்டையைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது.

"டீச்சர், நீங்க டிசம்பர்!" என்று கத்திவிட்டாள் குருவி.

டீச்சர் அட்டையருகே போய் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். பிறகு ஒற்றைச் சடையைத் தொட்டுக் காட்டி, "ஜூன்லயும் நான்தான். ஒருத்தருமே கவனிக்கலையே!" என்றார்.