மகாராணி கொஞ்சம் சாய்ந்தவள்

வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

விடிந்தும் விடியாத வேளை. ஏரிக்கரையில் வரிசையாக நின்ற வீட்டு வண்டிகளும் கூடாரங்களும் இன்னும் கண் விழிக்கவில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்தபடி படியிறங்கியவள், அந்தக் கால்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அப்பாவின் கால்கள் இல்லை. அப்பா உள்ளே குறட்டை விடுவது இங்கே வரை கேட்கிறது. அப்படியென்றால்...

திருடன்!

கத்தியிருக்கலாம். வாய் நிறைய நுரை. அதனால் குனிந்து, இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். கால்களுக்குப் பின்னால் ஒரு கசங்கிய சட்டை வந்தது. சட்டைக்குப் பின்னால் கறுப்பு அப்பிய ஒரு முகம் வந்தது. அந்த முகத்தில் இரண்டு கண்கள்... தூக்கமில்லாமல் சிவந்து, கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பிள்ளையின் கண்கள் மாதிரி அப்படியொரு பாவமாக...

'திருடனுக்கு எதுக்கு இவ்வளவு நீள இமை?' என்று ஒரு நினைப்பு வந்தது. நுரையோடு சேர்த்து அதையும் துப்பினாள்.

"யாருய்யா நீ? என்னத்தைக் கழட்டினே?"

"கழட்டலைங்க... மாட்டினேன்."

"என்னது?"

"உங்க தண்ணி பம்ப்புங்க. யாரும் குழாயைத் திறக்காமலே 'டுர்ர்... டுர்ர்'னு தானா ஓடிக்கிட்டே இருந்துச்சு. ட்யூப் ஒழுகினா அப்படித்தான், பம்ப் பதறிப் பதறி எழுந்திரிக்கும். நான் பக்கத்து வண்டி. என் தலைமாடு உங்க பம்புக்கு நேரா இருக்கு. ஒரு கிளிப்பைப் போட்டு முறுக்கிட்டா நானும் தூங்கலாம், அதுவும் தூங்கும்னு..."

"கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியதுதானே?"

"தூங்கறவங்களை எழுப்பறது மரியாதை இல்லையே."

"அடியில புகுந்து நோண்டறது மட்டும் ரொம்ப மரியாதையோ?"

அவன் தலையைச் சொறிந்தான். கையிலிருந்த கறுப்பு முடியிலும் ஏறியது. "ஒரு உதவி பண்ணுங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் பிரிட்ஜ் மெக்கானிக். லீவுல இருக்கேன். ஸ்பானரைத் தொட மாட்டேன்னு எங்க அண்ணி தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். வேலை வேலைன்னு நான் பைத்தியம் ஆயிடுவேனோன்னு அவங்களுக்கு பயம்."

திருட்டுத்தனமாக வந்து ரிப்பேர் செய்துவிட்டுப் போகிற ஆளை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். சிரிப்பு முட்டியது. மெக்கானிக் என்ற வார்த்தை அப்புறம்தான் உறைத்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"மெதுவா பேசுங்க! நீங்க தொட்டது வெளியே தெரிஞ்சா எங்க குடியே முழுகிடும்!"

குடி என்று அவள் சொன்னது இந்த வண்டியைத்தான். மகாராணி என்பது அப்பா வைத்த பெயர். இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, உள்ளங்கை அகலத்தில் ஒரு தொட்டி, கேஸ் தீயில் குளிரும் பழைய பிரிட்ஜ் ஒன்று. அவ்வளவுதான் அரண்மனை. அப்பா தையல்காரர். அம்மா போன பிறகு கடைக்குள் உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. கடையை மூடிவிட்டு இந்தக் கிழட்டு வண்டியை வாங்கினார். சின்ன மகளும் தையல் மெஷினோடு ஏறிக்கொண்டாள். ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட இடங்களில் கூடாரம் தைப்பார்கள், பந்தல் துணி ஒட்டுப்போடுவார்கள். போன ஜிப்புக்கு உயிர் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் ஆகாது. போன மழையில் நடுவழியில் வண்டி படுத்து, அப்பா காய்ச்சலில் படுத்து, அத்தான் வந்து இரண்டு பேரையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. அன்றைக்கே அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா கையாலேயே ஓடற வரைக்கும் ஓடட்டும். என்னிக்கு ஒரு வெளியாள் வந்து கை வைக்கிற நிலைமை வருதோ, அன்னிக்கு வண்டியை வித்துட்டு என் வீட்டுக்கு வந்துடணும். ரெண்டு பேரும்." அப்பாவும் மீசையைத் தடவிக்கொண்டு, "என் வண்டியில வேற ஒருத்தன் கையா?" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சோதனை போட வருகிறாள். இங்கே பம்ப் தூக்கத்தில் உளறுகிறது, விளக்கு கண் சிமிட்டுகிறது, பிரிட்ஜ் பாலைத் திரிய வைக்கிறது. அப்பாவோ எந்த நோய்க்கும் மெழுகு தடவிய நூலைத்தான் சுற்றுவார்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான். "உங்கப்பா காலையில நடக்கப் போவாரா?"

போவார். ஏரியை ஒரு சுற்று. அந்தச் சுற்று முடிவதற்குள் லீவுக்காரன் வந்து வேலையை முடித்துவிட்டு ஓடிவிடுவான். அவள் வைத்த பெயர் அது, லீவுக்காரன். விளக்குக் கம்பியின் துருவைச் சுரண்டினான், விளக்கு சிமிட்டுவதை விட்டது. அப்பா திரும்பி வந்து, ஒரு சுற்று நூலைச் சுற்றி, சுவிட்சைப் போட்டார்.

"பார்த்தியா சின்னி! இதுக்குப் போய் மெக்கானிக்காம்!"

"நீங்க நீங்கதான்பா," என்றாள் சின்னி. பக்கத்து வண்டி ஜன்னலில் ஒரு தலை சட்டென்று குனிந்தது. தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது... சிரிக்கிறான், படவா!

கூலி பேசியாயிற்று. அவன் படுக்கைப் பையின் ஜிப்பை அவள் சரி செய்து தர வேண்டும். செய்து கொடுத்தாள். மறுநாள் அதே ஜிப் மறுபடி போய்விட்டது. அதற்கும் மறுநாளும்.

"ஏங்க, ஜிப்புக்குக் கால் முளைச்சு தானா கழண்டுக்குமா?"

"பம்ப் தானா ஓடுச்சே... அந்த மாதிரி இருக்கும்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

மற்றதெல்லாம் சரியாகிவிட்டது, பிரிட்ஜ் மட்டும் மசியவில்லை. தீ நீலமாக எரிகிறது, குழாய் சுத்தம், பின்பக்கக் காற்றுத் துவாரம் சுத்தம். உள்ளே வைத்த வெண்ணெய் மட்டும் உருகி வழிகிறது. கடைகளில் எத்தனையோ பிரிட்ஜை உறைய வைத்தவன், முழங்கால் உயரமுள்ள ஒரு பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இந்த ஜாதிப் பெட்டி எனக்குப் புதுசுங்க. வண்டி மட்டமா நிக்கலைன்னா குளிராதுன்னு சொல்வாங்க. ஆனா இது மட்டமாத்தான்..."

"அதுல சந்தேகமே வேண்டாம். அப்பா திரையைப் பார்த்துத்தான் வண்டியையே நிறுத்துவார்," என்றாள் அவள் பெருமையாக. ஜன்னல் திரை அப்பாவே வெட்டித் தைத்தது. திரையின் ஓரம் ஜன்னல் சட்டத்தோடு இம்மி பிசகாமல் ஒட்டி நின்றால் வண்டி மட்டம் என்று அர்த்தம். ரசமட்டமெல்லாம் கொத்தனாருக்கு, எனக்குத் திரை போதும் என்பார். இப்போதும் ஓரம் ஒட்டித்தான் நின்றது.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. துணி கொடுக்கப் போன இடத்தில் அப்பா மாட்டிக்கொண்டார். குடையில்லாமல் ஓடி வந்தவளை, "இங்க வாங்க, நனையறீங்க!" என்று ஒரு குரல் இழுத்தது. முதல் முறையாக அவன் வண்டிக்குள் கால் வைத்தாள். கூரையில் மழை தாளம் போட்டது. அவன் டீ கொடுத்தான். அவன் இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழுமா, விழாதா என்று அவள் பார்த்துக்கொண்டே ஒரு அடி வைத்தாள். நேராக அவன் தோளில் போய் இடித்தாள்.

"சாரி..."

விலகி இன்னொரு அடி வைத்தாள். மறுபடியும் அதே தோள். டீ தளும்பியது.

"என்னங்க உங்க வண்டி, இப்படிக் கோணலா நிக்குது!" என்றாள் கோபமாக. வெட்கத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கோபம்தான்.

"இது நேராத்தாங்க நிக்குது. நீங்கதான் சாஞ்சு நடக்கறீங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணோடு கண் அப்படியே நின்றது... ஆனால் அதற்குள் ஓடியது காதல் இல்லை, பிரிட்ஜ்.

"எங்க வண்டியில எலுமிச்சம்பழம் எப்பவும் அப்பா படுக்கைப் பக்கம்தான் உருளும்," என்றாள் அவள் மெதுவாக. "டம்ளரை நிறைச்சு ஊத்த மாட்டோம். நான் சின்ன வயசுல இருந்து... இல்ல, வண்டி வாங்கினதுல இருந்து... அந்தத் திரையை அப்பா எங்க வெச்சு வெட்டினாரு தெரியுமா? எங்க கடை வாசல்ல! அது மேட்டுத் தெரு!"

சரிவில் நின்ற வண்டியில், சட்டத்தோடு ஒட்டும்படி வெட்டிய திரை. அன்றிலிருந்து, திரை ஒட்டும் வரை வண்டியை நகர்த்தி நகர்த்தி, போன ஊரிலெல்லாம் அதே மேட்டுத் தெருவை அப்பா கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறார். மகளும் கூடவே சாய்ந்து நடக்கப் பழகிவிட்டாள்.

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவன் சொன்னான். "உங்கப்பாகிட்ட சொல்லிடுங்க. சக்கரத்துக்கடியில பலகை வெச்சா முடிஞ்சுது."

"வாழ்நாள் பூரா கத்திரி பிடிச்ச மனுஷன்கிட்ட உன் வெட்டு கோணல்னு சொல்லவா? நீங்க வேணா சொல்லுவீங்க. உங்களுக்கென்ன... வெளியாள்."

சொன்ன பிறகுதான் எப்படிப் பட்டிருக்கும் என்று தெரிந்தது. அவன் முகம் சுருங்கியது.

"சரிதான். திங்கட்கிழமை லீவு முடியுது. வெளியாள் கிளம்பிடுவான்."

"கிளம்புங்களேன். யாரு பிடிச்சு வெச்சா?"

மழையிலேயே இறங்கி நடந்தாள். நல்லவேளை, மழை. கன்னத்தில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

ஞாயிறு காலை. அப்பா நடக்கப் போனதும், அவளே இரண்டு பலகையைத் தூக்கி வந்து பள்ளத்துப் பக்கச் சக்கரங்களின் முன்னால் போட்டாள். வண்டியைக் கிளப்பினாள். ஏறவில்லை. பலகை வழுக்கியது. இன்னொரு தடவை. கண்ணாடியில் பார்த்தால்... பின்னால் ஒருவன் குனிந்து பலகையை நேராக்கிக்கொண்டிருந்தான். கையை மட்டும் ஆட்டினான், வா... வா... போதும். மகாராணி மூச்சு வாங்கிக்கொண்டு மேலேறி நின்றாள்.

"இன்னொரு தடவை கிளிப்பைப் பார்த்துட்டுப் போயிடறேன்," என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடியில் நுழைந்தான்.

அந்த நேரம் பார்த்தா அக்காவின் கார் வர வேண்டும்!

காரிலிருந்து இறங்கிய அக்கா, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். குனிந்து, இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்து, ஒரே இழுப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா.

"யாருடி இது? மெக்கானிக்கா?"

ஏரியைச் சுற்றிவிட்டு அப்பாவும் அப்போதுதான் வந்து நின்றார், கழுத்தில் அளவு நாடாவோடு. அவன் எழுந்து சட்டையைத் தட்டினான். அவளுக்கு மகாராணியின் சக்கரம், அக்கா வீட்டுப் பின் அறை, திங்கட்கிழமை காலியாகக் கிடக்கப்போகும் பக்கத்து இடம் எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றது.

"கேக்கறேன்ல? வெளியாள் கை பட்டா வண்டி விக்கணும்னு பேச்சு. பட்டாச்சா இல்லையா?"

"படலை," என்றாள் அவள். "அவரு... வெளியாள் இல்லைக்கா."

"பின்னே?"

"இல்லைன்னா இல்லை. அதாவது... அவருக்கு இஷ்டம்னா."

சொல்லிவிட்டாள். சொன்னதும் ஓடிப்போய் அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இஷ்டம்தாங்க," என்றான் அவன், அக்காவிடம் இல்லை, அவளிடம். "முதல் நாளே காலைப் பிடிச்சு இழுத்தாங்களே... அப்பவே. ஜிப்பெல்லாம் நானே பல்லை நெளிச்சதுங்க."

அப்பா வண்டிக்குள் ஏறினார். எல்லோரும் பின்னாலேயே ஏறினார்கள். திரையின் ஓரம் சட்டத்தை விட்டு மூன்று விரல் விலகி நின்றது. அப்பா அதையே பார்த்தார். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

"அப்ப... இத்தனை நாளா என் வெட்டு கோணலா?"

எல்லோரும் எலுமிச்சம்பழத்தையே பார்த்தார்கள்.

"வெட்டு சரிதான் சார்," என்றான் லீவுக்காரன். "தெருதான் கோணல்."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீசை மெல்லத் துடித்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், தொட்டியில் இருந்த கரண்டி கூட அதிர்ந்தது.

"ஏன் தம்பி, என் நூலை அவிழ்த்துட்டுக் கிளிப்பைப் போட்டா எனக்குத் தெரியாதா? என் முடிச்சு எனக்குத் தெரியாதா? முதல் நாளே பார்த்தேன். ஆனா இவ... அம்மா போனதுக்கப்புறம் முதல் தடவையா முணுமுணுன்னு பாடிக்கிட்டே ஜிப் தைக்கிறா. நான் வாயைத் திறந்தா பாட்டு நின்னுடுமேன்னு, சும்மா நூலைச் சுத்திக்கிட்டு இருந்தேன்."

"அப்பா!" என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை துணைக்கு மழை இல்லை.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். விட்டுக்கொடுக்க மனசில்லாத குரலில், "அதெல்லாம் இருக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள இந்தப் பெட்டியில ஐஸ் ஆகணும். ஆகலைன்னா வண்டியும் கிடையாது, மாப்பிள்ளையும் கிடையாது," என்று ஒரு தட்டில் தண்ணீரை ஊற்றி உள்ளே வைத்தாள். அப்பா திரையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு ஓரத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவளும் அவனும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள். ஏரியில் வெயில் மினுங்கியது. உள்ளே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அக்கா பிரிட்ஜைத் திறப்பதும், "திறந்து திறந்து பார்த்தா எப்படிம்மா உறையும்?" என்று அப்பா அதட்டுவதும் கேட்டது.

"உறையுமா?" என்றாள் அவள் பயத்தோடு.

"தெரியலையே. நான்தான் லீவுல இருக்கேனே."

"விளையாடாதீங்க..."

உள்ளே எட்டிப் பார்க்க இருவரும் எழுந்தார்கள். ஒரு அடி எடுத்து வைத்தவள், பழக்கதோஷத்தில் மறுபடியும் அவன் தோளில் போய்ச் சாய்ந்தாள். வண்டி நேராக நிற்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். விலக வேண்டும் என்றும் தெரியும்.

"வண்டி மட்டமாத்தாங்க இருக்கு," என்றான் அவன் காதோரம்.

"தெரியும்," என்றாள் அவள், விலகாமல்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அப்பா... இங்க வந்து பாருங்களேன், ஓரத்துல லேசா வெள்ளையா..."