குட்டியானை கொண்டு வந்த சேதி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் விண்ணரசியின் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. நெல் லாரி, பள்ளிக்கூட வேன், பால் வண்டி என்று எது வந்தாலும் முகம் முழுக்கப் பூச்சியோடுதான் வரும். பயிர் நிற்கும் மாதங்களில் இருட்டிய பிறகு வயல்களுக்கு நடுவே ஓடும் வண்டி வேறு எப்படி வரும்?

காய்ந்து ஒட்டிய பூச்சி லேசில் போகாது. அதனால் விண்ணரசி தண்ணீர் பீய்ச்சும் கன்னைக் கையில் எடுப்பதற்கு முன், அவள் மகள் ஆஷ்லின் வண்டியின் முன்பக்கத்தில் ஈரச்சாக்கைப் போர்த்தி ஊற வைப்பாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஆஷ்லினுக்குச் சனிக்கிழமைகளில் இதுதான் வேலை. ஆனால் ஒரு சாக்கைப் போர்த்த அவளுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ஒட்டியிருக்கும் பூச்சிகளை எல்லாம் பார்த்து, நோட்டில் வரைந்து முடித்த பிறகுதான் சாக்கு.

"என்னக்கா, உங்க மக பூச்சிக்கெல்லாம் ரேஷன் கார்டு எழுதுதா?" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

அந்த மார்கழிச் சனிக்கிழமை, வீரையன் தன் குட்டியானையை ஓட்டி வந்தார். பயந்துவிடாதீர்கள், அது சின்ன லாரிக்கு ஊரார் வைத்த பெயர்.

"அக்கா, சீக்கிரம் விட்ருங்க. சாயங்காலம் கல்யாணச் சீர் ஏத்தணும். வண்டி பளபளன்னு இருக்கணும்."

ஆஷ்லின் சாக்கோடு போய்க் குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

முன்விளக்கைச் சுற்றி, நொய் அரிசி அளவில் பழுப்புப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் அப்பியிருந்தன. காலையிலிருந்து வந்த வேறு எந்த வண்டியிலும் இந்தப் பூச்சி இல்லை. அவள் நோட்டைப் புரட்டினாள். போன மாதம் வேளாண் அதிகாரி சபிஹா பள்ளிக்கு வந்து, விளக்குப்பொறியில் விழுந்த பூச்சிகளைத் தட்டில் கொட்டிக் காட்டினார். அதைப் பார்த்து வரைந்த பக்கத்தில் இதே பூச்சி இருந்தது. கீழே 'புகையான்' என்று எழுதியிருந்தாள்.

பின்னால் மோட்டார் உறுமியது.

"நிறுத்தும்மா. தண்ணி அடிச்சிடாத."

"என்னடி இது? பின்னாடி மூணு வண்டி நிக்குது."

"ஒரு நிமிஷம்மா. மாமா, நேத்து இருட்டுனப்புறம் வண்டிய எங்க ஓட்டுனீங்க?"

"எங்கயும் ஓட்டலையே பாப்பா. வயலோரமா நிறுத்தி, லைட்டைப் போட்டுக்கிட்டு மடை அடைச்சேன். ஒரு மணி நேரம் இருக்கும்."

"அப்ப இது ரோட்டுப் பூச்சி இல்ல மாமா. உங்க வயல் பூச்சி. புகையான்."

வீரையனுக்குச் சுருக்கென்றது. "அட நீ வேற. பயிரு பச்சைப் பசேல்னு நிக்குது. தினம் வரப்புல நின்னு பாக்குறேன்."

"வரப்புல நின்னா தெரியாதாம் மாமா. அது பயிரோட அடித்தூர்ல உக்காந்துதான் சாறு குடிக்குமாம். மேல காய்ஞ்சு தெரியறதுக்குள்ள வயலே போயிடுமாம்."

வீரையன் விண்ணரசியைப் பார்த்தார். "எங்கப்பா ஆயுசு முழுக்க அடுத்தவங்க வயல்லதான் நட்டாரு, அக்கா. இது எங்களுக்குன்னு நாங்க நட்ட மொத சம்பா."

விண்ணரசி மோட்டாரை அணைத்தாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், ஹாரன் அடங்கியது.

"ஒரு போன் போட்டா என்ன கொறைஞ்சிடும்? வீட்டுல சொல்லிப் பாக்கச் சொல்லுங்கண்ணே."

வீரையன் தன் மனைவி நீலாம்பாளை அழைத்து, நடு வயலில் இறங்கித் தூரை விலக்கிப் பார்க்கச் சொன்னார். பிறகு காத்திருந்தார்கள். ஆஷ்லின் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். 'மாதாவே, நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"என்னங்க, தூரெல்லாம் கூட்டமா அப்பிக்கிட்டு இருக்கு. நல்லவேளை, ஒரு பாய் விரிக்கிற எடத்துலதான். இன்னும் பரவல."

"தண்ணிய வடிக்கச் சொல்லுங்க மாமா. சபிஹா மேடம் அதைத்தான் மொதல்ல சொன்னாங்க. கண்ட மருந்தையும் அடிச்சிடாதீங்க, அவங்களக் கேட்டுக்கங்க." சபிஹாவின் போன் நம்பரை எழுதியிருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள்.

வீரையன் வண்டியில் தாவி ஏறினார்.

"கழுவலையேண்ணே, கல்யாணச் சீரு?" என்றாள் விண்ணரசி.

"பூச்சியோடவே ஏத்துறேன்க்கா. அதைப் பாத்துப் பொண்ணை வேணாம்னா சொல்லப் போறாங்க?"

தை மாதக் கடைசியில் குட்டியானை மறுபடியும் வந்தது. பின்பக்கம் முழுக்க நெல் மூட்டைகள். முன்பக்கம் வழக்கம்போலப் பூச்சிகள்.

"அறுத்தாச்சுக்கா. அந்த ஒரு பாய் எடம்தான் போச்சு" என்று சொல்லும்போதே வீரையன் முகமெல்லாம் சிரிப்பு. ஆஷ்லினுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அவருக்குப் பின்னால் மேலும் நான்கு வண்டிகள் வந்து நின்றன. விண்ணரசி கன்னை எடுத்ததும் வீரையன் குறுக்கே கை நீட்டினார்.

"இருங்கக்கா. இதெல்லாம் எங்க ஊரு வண்டி. அவங்க பயிரு இன்னும் அறுக்காம நிக்குது. மொதல்ல பாப்பா பாத்துச் சொல்லட்டும், அப்புறம் கழுவலாம்."

ஆஷ்லின் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். ரேஷன் கார்டு என்று அன்று யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் ரேஷன் கடையில் நிற்பதுபோலவே, எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.