உள்பக்கக் கீறல்கள்

தோள்பட்டை இரண்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. காலையிலிருந்து சிமென்ட் மூட்டை சுமந்த உடம்பு. கையைத் தூக்கி அழைப்பு மணியை அழுத்தவும் தெம்பில்லாமல் முழங்காலால் கதவை இடித்தான்.

"மாடு முட்டற மாதிரி முட்டாத. வரேன்," என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

கதவைத் திறந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"மூஞ்சியே சொல்லுது, ஆச்சா ஆகலையான்னு. முதல்ல அந்த ரூமைத் தொறந்து குடு, அப்புறம் போடறேன். கம்பியெல்லாம் கொண்டாந்தியா?"

தலையாட்டினான். வெளியே நல்ல வெயில். ஆனால் அந்த வீட்டின் நடைவழிக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு போட்டால்தான் சுவர் தெரியும். நடைவழியின் கோடியில் மாமாவின் அறை. அக்கா புருஷன் பகலில் பழைய தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பார். இரவில் கிடங்குக் காவல். வேலைக்குக் கிளம்பும்போது எண்ணெயும் ஊசியுமாகக் கிடக்கும் அந்த அறையைப் பூட்டிவிட்டுப் போவார். கடைசி நாளும் அப்படித்தான் போனார். சாவிக்கொத்து அவரோடு கிடங்கிலேயே எரிந்துபோயிற்று. மாதம் ஒன்று ஆகிவிட்டது.

"உடைச்சே தொறந்திருக்கலாமேக்கா."

"கதவை உடைச்சா வீட்டுக்காரர் என்னை உடைப்பாரு. வீட்டுலயே ஒரு திருட்டுப் பய இருக்கும்போது எதுக்கு உடைக்கணும்?" சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. குரல் இறங்கியது. "உள்ள பாட்டில் இருக்கான்னு பார்க்கணும்டா. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவன் நடைவழிக் கோடியிலிருந்த பூட்டைப் பார்த்தான்.

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு, இனிமே தொட மாட்டேன்னு. ரெண்டு வருஷம் தொடலைன்னுதான் நம்பிக்கிட்டிருந்தேன். கையில சாவி இருந்துச்சாம், கிடங்குக் கதவுகிட்டதான் கிடந்தாராம், தொறக்கத் தெரியலையாம். போதையில சாவி போட வரலைன்னு சூப்பர்வைசர் என் மூஞ்சிக்கு நேரா சொல்றான். உள்ள பாட்டில் இருந்தா, அந்த மனுஷன் என்னை ஏமாத்திட்டுச் செத்தாருன்னு போட்டோவைக் கழட்டிடுவேன். இல்லேன்னா உக்காந்து அழுவேன். இன்னும் நான் அழவே இல்லை, தெரியுமா உனக்கு?"

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

அவன் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, துணிச்சுருளைத் தரையில் விரித்தான். உள்ளே மூன்றே கம்பிகள். ஹாக்ஸா பிளேடைத் தேய்த்துச் செய்த இரண்டு கொக்கிகள், வைப்பர் பட்டையை வளைத்துச் செய்த முறுக்குக் கம்பி ஒன்று. கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் கூட்டாளியிடம் இரவல் வாங்கியது.

பூட்டு திறக்கப் பழகும் ஆசையில் அவன் சொந்தக் காசில் வாங்கிய செட் வேறு. தோல் உறையில் பளபளவென்று இருபத்துச் சொச்சம் கம்பிகள், கூடவே உள்ளே சாவி தூக்கிவிடும் சிறு பின்கள் ஏறி இறங்குவது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பூட்டு ஒன்று. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது கடைசல்காரன் ஒரு கம்பியை நகத்தால் சுண்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இத்தனை எதுக்குக் குடுக்கறான் தெரியுமா? ஒவ்வொண்ணா ஒடியும்னு அவனுக்கே தெரியும். பழகறதுக்கு ரெண்டு கொக்கி போதும்டா. ஆனா நல்ல எஃகா இருக்கணும்." பிறகு இவன் கையைப் பிடித்துப் பார்த்தான். "மூட்டை தூக்கற கை. உனக்கு மெதுவா அழுத்தவே வராது. பழகற பூட்டுல எவ்வளவு வேணா ஒடி. ஆளுங்க சாவி போட்டுப் பொழங்கற பூட்டுல மட்டும் கம்பியை விட்டுடாத. உள்ள ஒடிஞ்சா அப்புறம் சாவி நுழையாது."

பிளாஸ்டிக் பூட்டு ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிற பூட்டைத் திறப்பதில் என்ன இருக்கிறது?

அப்போது அவனுக்கு மாமா காவல் பார்த்த அதே கிடங்கில் பகல் வேலை. பழந்துணியை மெஷினில் அமுக்கி மூட்டை கட்டுவது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பூட்டியே கிடக்கும் பக்கக் கதவின் உள்பக்கத் துளையில் கொக்கியை விட்டான். முதல் பின் ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவது அடம் பிடித்தது. அழுத்தினான். 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம். கையில் பாதிக் கம்பிதான் மிச்சம்.

சாமணத்தால் நோண்டினான். துண்டு இன்னும் உள்ளே போயிற்று. மணி அடித்துவிட்டது. சொன்னால் திருட வந்தான் என்று வேலையை விட்டுத் துரத்துவார்கள். நாளைக்கு எடுத்துவிடலாம், அந்தக் கதவை யார் திறக்கப் போகிறார்கள் என்று போய்விட்டான்.

அன்றிரவே துணி மூட்டைகளில் தீப்பிடித்தது. மின்சாரம் போனதில் பெரிய ஷட்டர் ஏறவில்லை. மாமா பக்கக் கதவுக்கு ஓடியிருக்கிறார்.

பூட்டு உருகிக் கட்டியாகிவிட்டது. அதை உடைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பளபளத்த அந்த செட்டை அவன் சாக்கடையில் போட்டான். ஆனால் பூட்டு திறக்கத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியுமே. வர மாட்டேன் என்று இன்று எப்படிச் சொல்வான்?

முறுக்குக் கம்பியைத் துளையின் கீழ்விளிம்பில் செருகி, ஈரத்துணியைத் தொடுவதுபோல் விரலை வைத்தான். மேலே கொக்கியை நுழைத்தான்.

துளையிலிருந்து ஒரு வாடை வந்தது. பழைய எண்ணெயாக இருக்கும் என்று நினைத்தான். எண்ணெய் இல்லை. துணி கருகும் வாடை.

"அடுப்புல ஏதாச்சும் துணி பட்டுடுச்சாக்கா?"

"இல்லையே," என்றாள் சமையலறையிலிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எனக்கும் அடிக்குது," என்றாள்.

கொக்கியின் நுனி முதல் பின்னைத் தேடியது. பின் அங்கே இல்லை. ஏற்கெனவே மேலே ஏறி நின்றிருந்தது.

இரண்டாவதைத் தேடினான். தொடுவதற்கு முன்பே அதுவும் தானாக ஏறியது. கம்பி வழியே அதிர்வு விரல் நகம் வரை வந்தது.

கொக்கியை வெளியே இழுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

இரும்பில் இரும்பு மோதும் சத்தம். சாவியைத் துளையில் வைத்து, அது நுழையாமல், எடுத்துத் திரும்ப வைக்கிற சத்தம். முதலில் நிதானமாக. பிறகு கொஞ்சம் வேகமாக. பிறகு கண்மண் தெரியாமல் மரத்தையும் தகட்டையும் கீறிக்கொண்டு.

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

எழுந்து ஓட நினைத்தான். ஆனால் வாயைத் துளையருகே கொண்டுபோனான். அது எதற்கென்று அவனுக்கே தெரியாது.

"மாமா."

சத்தம் நின்றது.

துளைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். சூடான மூச்சு. அது அவன் உதட்டில் பட்டது.

"வேணும்னு பண்ணலை மாமா," என்று முணுமுணுத்தான். "நாளைக்கு எடுத்துடலாம்னுதான்..."

அவன் விரல் படாமலே முறுக்குக் கம்பி சுற்றியது. தாழ் விலகியது. கதவு உள்பக்கமாக ஒரு சாண் திறந்து நின்றது.

"தொறந்துட்டியா?" அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "பரவாயில்லையே, மூட்டை தூக்காம இந்தத் தொழிலுக்கே போயிருக்கலாம் நீ."

அவனைத் தாண்டி உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அறையில் யாருமில்லை. மேசைமேல் பெல்ட் கழற்றிய தையல் மெஷின், எண்ணெய் டப்பா, வரிசையாக ஸ்குரூ டிரைவர்கள். ஒரு மாதத் தூசு எதன்மேலும் கலையாமல் படிந்திருந்தது. கம்பி போட்ட ஜன்னல் மூடியே கிடந்தது.

அக்கா தேடினாள். மேசை இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தாள். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். எண்ணெய் டப்பாவைக்கூட மூக்கருகே கொண்டுபோனாள். தையல் மெஷினின் அடித்தகட்டைக் கழற்றி, அங்கேயும் விரலை விட்டுத் துழாவினாள்.

பாட்டில் இல்லை. ஒரு மூடிகூட இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

"குடிக்கலடா," என்றாள் மெதுவாக. "அந்த ஆளு என்னை ஏமாத்தலை. நான்தான் ஊர் பேச்சைக் கேட்டு..." உதடு கோணியது. ஒரு மாத அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் அழ வேண்டும் என்று கதவைச் சாத்தக் கை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"இது என்னடா?"

கதவின் உள்பக்கம். சாவித்துளையைச் சுற்றித் தகடெல்லாம் கீறல். தகட்டைத் தாண்டி மரத்திலும் கீறல். மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. துளைக்குப் பக்கத்தில் கரி படிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று.

அக்கா கீறல்களை மட்டுமே பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தூசுக்கு மேலே மரத்தூள் வெள்ளையாகக் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

"உள்ள உக்காந்து குடிச்சிட்டு, வெளிய வரத் தெரியாம தடவியிருக்காரு," என்றாள் அக்கா. குரல் வறண்டுவிட்டது. "பாட்டிலை வெளிய வீசத் தெரிஞ்சிருக்கு, இதை மறைக்கத் தெரியலை பாரு."

"அக்கா, அது..."

அவள் திரும்பி அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். "நீ சொல்லு. பூட்டு தெரிஞ்சவன் நீ. நிதானத்துல இருக்கறவன் சாவி போட்டா இப்படிக் கீறல் விழுமா?"

சாவி நுழையாவிட்டால் விழும். துளைக்குள் கம்பி ஒடிந்து கிடந்தால், எவ்வளவு நிதானத்தில் இருப்பவன் போட்டாலும் விழும். புகை கண்ணை மறைக்க, பின்னால் தீ நெருங்க, இருட்டில் நின்று போட்டால் இப்படித்தான் விழும். இவ்வளவும் அவன் நாக்கு நுனி வரை வந்தது.

அவள் கண் அவனை விட்டு நகரவில்லை. தனக்கென்று அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான். அது அவனுக்கும் தெரியும்.

"விழாதுக்கா," என்றான்.

அறைக்குள் கருகல் வாடை ஒரு முறை மூச்சடைக்கும்படி எழுந்து அடங்கியது.

அக்கா கூடத்துக்குப் போய் ஆணியிலிருந்து மாமாவின் படத்தைக் கழற்றினாள். முகம் தரையைப் பார்க்கும்படி அலமாரிக்கு மேலே வைத்தாள். கையைத் தட்டித் தூசு போக்கிக்கொண்டாள்.

"உக்காரு, சாப்பாடு போடறேன்."

"பசிக்கலைக்கா."

"வந்ததும் பொய், போகும்போதும் பொய்," என்றாள். வற்புறுத்தவில்லை. அவன் வெளியே வந்ததும் வாசல் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

படிக்கட்டில் ஆறேழு படி இறங்கியிருப்பான். தோள் வலியில் இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

மேலே, மூடிய வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு. வைத்து, எடுத்து, திரும்ப வைத்து.

தொடர்ந்து அக்காவின் குரல், கதவுக்குப் பின்னாலிருந்து எரிச்சலாக வந்தது.

"டேய், இன்னும் போகலையா நீ? எந்தப் பூட்டைடா நோண்டிக்கிட்டிருக்க?"

அவன் சுவரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. சத்தமும் நிற்கவில்லை. இப்போது நிதானமாக, அவசரமே இல்லாமல் கேட்டது. எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கிறவரின் நிதானம்.

மாமா குடிக்கவில்லை, பூட்டுக்குள் ஒடிந்து கிடந்தது என் கம்பி. அக்காவுக்கு அவன் கொடுக்க வேண்டியது இந்த ஒரு வாக்கியம்தான். அதை இன்னும் அவன் கொடுக்கவில்லை.