ஈட்டியோடு காணாமல் போன ராஜா

லோகாம்பாள் முதல் வாய்க் காபியைக் குடிப்பதற்குள் பாண்டித்துரை வாசலில் வந்து நின்றான். நின்றான் என்பதுகூடத் தப்பு, கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

“அம்மா, ராஜாவைக் காணோம்! இப்பவே குடுக்கலேன்னா போலீசுக்குப் போறேன்னு ராமபத்ரன் சார் என் வீட்டுலயே உக்காந்திருக்கார். நான் திருடலைம்மா!”

போர் விளையாட்டுக்கென்று விரலளவு ஈயப் பொம்மைப் படைகளைச் சேர்ப்பவர்கள் கொச்சியிலும் இருக்கிறார்கள். அந்த வீரர்களின் ஈய ஈட்டிகள் இருக்கின்றனவே, தொட்டால் வளையும், நிமிர்த்தினால் ஒடியும். பாண்டித்துரை எஃகுக் கம்பியை வெட்டி, நுனியைத் தட்டிக் கூராக்கி, பொம்மையின் பொடி முஷ்டியில் துளைபோட்டுச் செருகிவிடுவான். பிறகு அது பிடுங்கினாலும் வராது. ராமபத்ரன் ஈட்டி செருகக் கொடுத்துக் காணாமல் போன ராஜாப் பொம்மையோ, அவருடைய இறந்துபோன மகன் கடைசியாக வண்ணம் தீட்டியது. வேறொன்றை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்க முடியுமா என்ன?

லோகாம்பாள் கோர்ட்டில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவில் மொழிபெயர்த்தே ஓய்வு பெற்றவர். வம்பென்றால் அக்கம்பக்கத்துத் தமிழர்கள் ஓடிவருவது அவரிடம்தான். கூடவே கிளம்பிய அக்கா மகன் சாய்கிருஷ்ணா மட்டாஞ்சேரிச் சந்து திரும்புவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிட்டான். “அந்த ராமபத்ரனேதான் எடுத்திருக்கார், சித்தி!”

“வாயை மூடிண்டு வாடா.”

ஒற்றை அறை. கட்டிலில் ராமபத்ரன், கையில் போன், கண்ணெல்லாம் சிவப்பு. அடுப்போரம் உசிலம்பட்டியிலிருந்து புதிதாக வந்திருக்கும் பாண்டித்துரையின் அக்கா ஒச்சம்மாள். அவள் பதற்றத்திலும் விருந்தாளிக்குச் சாயா போட்டாள். சீனி எடுத்தது ஒரு கனத்த கண்ணாடிப் பாட்டிலிலிருந்து. மூடியின் திருகில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கை லோகாம்பாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நேத்து வந்தப்போ இவன் இல்லா,” என்றார் ராமபத்ரன். “என் மோன்டெ ராஜாவை பொதிஞ்சு மேசைமேல வெச்சிருந்தான். கூலி குடுக்காம எடுக்க மனசு வரல, நான் இந்தப் பெண்ணுகிட்ட சொல்லிட்டுப் போனேன். இப்போ அறியில்லான்னு பறயுறாங்க!”

“நான் எந்த ராஜாவையும் பாக்கலய்யா, சத்தியமா!” ஒச்சம்மாள் அழுதே விட்டாள்.

பாண்டித்துரை அக்காவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அக்காவையும் ஸ்டேஷனுக்கு இழுப்பார்களோ?

“சார், அவகிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்கோ,” என்றார் லோகாம்பாள்.

“ஆ பொதி குப்பியில் இட்டேக்கணேன்னு பறஞ்ஞு.”

“ஒச்சம்மா, உன் காதுல என்ன விழுந்தது?”

“அந்தப் பொட்டலத்தைக் குப்பையில போடச் சொன்னாரு. பெரிய மனுசர் சொல்றாரேன்னு போட்டேன். பாட்டிலை எனக்குத்தான் குடுத்தாருன்னு கழுவிச் சீனி கொட்டி வச்சேன்.”

சாய்கிருஷ்ணா வாயைப் பிளந்தான். லோகாம்பாள் விளக்கினார். “குப்பின்னா இவாளுக்கு பாட்டில். பெயிண்ட் உரியாம இருக்கப் பஞ்சு வச்ச பாட்டிலை இவர் கொண்டுவந்திருக்கார், மூடியில பஞ்சு இருக்கு பாரு. இவ காதுல குப்பை. எல்லாரும் ராஜாவைப் பாத்தியான்னு கேட்டேள். இவ பாத்தது பொட்டலத்தை. யாரும் பொய் சொல்லலை.”

“அம்மா… குப்பையை விடியக்காலையிலயே எடுத்துட்டுப் போயிட்டாங்களே!” என்று அலறினான் பாண்டித்துரை.

எல்லாரும் ஓடினார்கள். குப்பை சேர்க்கும் கொட்டகையில் சாக்குகள் மலையாய்க் கிடந்தன, லாரி உறுமிக்கொண்டிருந்தது. பாண்டித்துரை மண்டிபோட்டு ஈரக் குப்பையைக் கிளறினான். ஒரே மாதிரிக் கசங்கிய காகிதப் பொட்டலங்கள், நூற்றுக்கணக்கில். நகம் கிழிந்தது. அந்தப் பையன் போட்ட சாயம் இந்நேரம் உரிந்திருக்குமோ? தெய்வமே, என்ன முகத்தோடு அந்த மனுஷனைப் பார்ப்பேன்!

“கையை எடுடா,” என்றார் லோகாம்பாள். “உன் இடுப்புல தொங்கறது என்ன?”

தரையில் சிந்தும் கம்பித் துண்டுகளைப் பொறுக்குவதற்கான காந்தம். ஈயம் காந்தத்துக்குப் பிடி கொடுக்காது. ஆனால் ராஜாவின் கையில் இருப்பது?

சாக்கு சாக்காகக் காந்தத்தை இழுத்தான். சோடா மூடி, மூடி, மறுபடியும் மூடி. கடைசிச் சாக்கில் ஒரு பொட்டலம் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

ராமபத்ரன்தான் பிரித்தார். சிவப்பு அங்கி கலையாமல், ஈட்டி நிமிர்ந்தபடி ராஜா. “மோனே…” என்று குழந்தையாய் அழுதார்.

பிறகு, தூரத்தில் ஒதுங்கி நின்ற ஒச்சம்மாளிடம் போனார். “குப்பி நீ வெச்சோ, மோளே. எனக்கு இவன் மதி.”

அவள் மிரண்டுபோய் லோகாம்பாளைப் பார்த்தாள். மறுபடி எதையாவது தப்பாகக் கேட்டுத் தொலைக்கக் கூடாதே.

“மதின்னா போதும்னு அர்த்தம்,” என்றார் லோகாம்பாள்.