இடதுபக்கத் திரை

மௌஸின் அம்புக்குறி மறுபடியும் சுவருக்குள் போயிற்று.

திரையின் இடது ஓரத்தில் முட்டி நிற்க வேண்டியது, நிற்காமல் வழுக்கிக்கொண்டு அப்பால் போய் மறைந்துவிடுகிறது. மேசையில் இருப்பதோ ஒரே திரை. அதற்கு இடப்பக்கம் ஒன்பதங்குலச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் மத்தியானத் தூக்கம் தூங்குகிற அறை. வெளியே மழைக்கு முந்தைய இருட்டு கட்டி நின்றது. அறை முழுக்கப் புதுக் கம்ப்யூட்டரின் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை.

கட்டட வரைபடம் போட்டுக்கொடுத்துப் பிழைப்பவள் அவள். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும் புதியதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, பழையதின் அமைப்புக் கோப்புகளை அப்படியே அள்ளிக்கொண்டுவந்து கொட்டியிருந்தாள். எல்லாம் கைக்குப் பழகினபடி இருக்கட்டும் என்றுதான். முந்தைய வீட்டில் அவளுக்கு இரண்டு திரை. இடப்பக்கம் இன்னொரு திரை இருக்கிற அந்தக் கணக்கையும் சேர்த்துத் தூக்கிவந்துவிட்டாய், அந்த ஒரு கோப்பை மட்டும் அழி என்று போனில் தம்பி சொன்னான். அழித்தாள். அணைத்துப் போட்டாள். கோப்பு பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

பிறகு, அவள் கை மௌஸில் இல்லாதபோது, பாதி வரைந்திருந்த படம் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. யாரோ துணியின் நுனியைப் பிடித்து இழுப்பதுபோல. பாதியில் நின்றது. பிறகு மீதியும் போயிற்று.

சுவரில் காதை வைத்தாள். சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் மின்விசிறியின் முனகலுக்கு அடியில் வேறொரு சத்தம்: குழந்தையைத் தூங்கவைக்க முதுகில் தட்டுவோமே, அது. மின்விசிறிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் என்ன திறந்து கிடக்கிறது என்று பார்க்க, இல்லாத அந்த இடத்திரையையும் சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னான் தம்பி. எடுத்தாள். திறந்து பார்க்க மனம் வராமல் அப்படியே அனுப்பினாள்.

தம்பி படத்தைத் திறந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"பாப்பா தூங்குற போட்டோவையா வால்பேப்பரா வச்சிருக்கே? நல்லா வந்திருக்குக்கா. யாரு எடுத்தா?"

"எந்த போட்டோ?"

"அதான், நீ கட்டில்ல உக்காந்து அவளைத் தட்டிக்குடுக்குறியே. பச்சை நைட்டியில."

குனிந்து பார்த்துக்கொண்டாள். பச்சை. காலையில்தான் மடிப்புப் பிரித்துப் போட்டது.

படத்தைத் திறந்தாள். கட்டில். மகள். பக்கத்தில் ஒரு முதுகு, அவளுடைய பின்னல்.

இன்னொரு படம் எடுத்தாள்.

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவளின் முகம் சுவரை நோக்கிப் பாதி திரும்பியிருந்தது.

ஓடினாள். கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாளே இல்லாத கதவு அது. தோளால் இடித்தாள். அசையவில்லை. மகளைக் கூப்பிட வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

உள்ளே தூக்கக் கலக்கத்தில் சின்னக் குரல்: "அம்மா, வெளிய யாரும்மா?"

"யாருமில்லடா கண்ணு."

உள்ளிருந்து அவளுடைய குரலே. அதே கரகரப்பு.

தரையில் கன்னத்தை அழுத்திக் கதவின் அடியிடுக்கில் பார்த்தாள்.

அந்தப் பக்கமும் ஒரு கன்னம் மெல்ல வந்து தரையில் பதிந்தது.