ஆறாவது அல்வா

முடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

சோற்றில் முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள் ரகுராம். அன்று முழுக்கப் பட்டினி கிடப்பானே தவிர, அந்தப் பாத்திரத்துச் சோற்றை மறுபடி தொடமாட்டான். அப்பேர்ப்பட்டவன் திங்கட்கிழமை காலை லேபுக்குள் நுழைந்து, டிரேயின் பிளாஸ்டிக் உறையை உரித்ததும் கண்ணில் பட்டது இதுதான். மஞ்சள் பாய்ந்த வெள்ளையில் ஈரமாகப் பளபளக்கும் ஜெல் கட்டி, அதன் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு முடி. கிண்டும்போது யார் தலையிலிருந்தோ விழுந்திருக்கும், கருமம் என்று இடுக்கியால் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தான். முடியோடு சேர்ந்து கட்டியின் மேற்பரப்பும் கூம்பாக எழும்பியது, புருவத்து முடியைப் பிடுங்கும்போது தோல் எழும்புமே, அப்படி. பிறகு வெடுக்கென்று கையோடு வந்தது. அடி நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தது. வேர்.

ரகுராம் இடுக்கியோடு சேர்த்து முடியைக் குப்பைக்கூடையில் போட்டான்.

அத்திபெலே பக்கம், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளியிருந்த தனியார் பொறியியல் கல்லூரி அது. ரகுராம் அங்கே விரிவுரையாளர், அங்கேயே பிஎச்.டி. மாணவனும்கூட. அல்சூரிலிருந்து தினமும் பஸ் மாறி மாறி, நெரிசலில் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு வந்து சேர்வான். ஐந்து வருஷமாக அவன் கட்டிக்கொண்டு அழுதது ஒரு ஆண்டெனாவை. இலை மாதிரி நடுவில் பிளந்த பதினாறு செப்புத் தகடுகள், வரிசையாக. ரேடியோ அலைகளை அகலமான அலைவரிசைப் பட்டையில் அனுப்பி, அத்தனையையும் டார்ச் வெளிச்சம் போல ஒரே இடத்தில் குவிக்கும். உடம்பைக் கீறாமல் தோலுக்கு அடியில் வளரும் புற்றை எட்டிப் பார்க்கத்தான் இத்தனை பாடு. அதற்காக ஒரு மனுஷனைப் பிடித்து வந்து ஆயிரம் தடவை அளக்க முடியுமா? அதனால் பொய்ச்சதை செய்வார்கள். ஜெலட்டின், சர்க்கரை, உப்பு, எண்ணெய், கெட்டுப்போகாமலிருக்கக் கொஞ்சம் ஃபார்மலின். காய்ச்சி டிரேயில் ஊற்றி உறையவிட்டால், அலைகளைப் பொறுத்தவரை அது மனிதச் சதை. லேப் உதவியாளர் கோவிந்தப்பா அதற்கு வைத்த பெயர் அல்வா.

ஜெலட்டின் என்பது மாட்டு எலும்பும் பன்றித் தோலும் வேகவைத்து எடுப்பது என்று தெரிந்த நாளிலிருந்து ரகுராம் இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு, மூக்கடியில் தைலம் தடவிக்கொண்டுதான் அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே போவான். அப்படியும் ஐந்து வார்ப்பு வீணாய்ப் போயிற்று. கீழ் அலைவரிசையில் சதையாக இருக்கும். மேல் அலைவரிசைக்குப் போகப் போகத் திரையில் வரையும் கோடு தொங்கிவிடும். ஆறாவது வார்ப்புக்கு ஜெலட்டின் தீர்ந்துவிட்டது, புதிய பொட்டலம் வரத் தாமதம். கோவிந்தப்பாதான் சிட்டி மார்க்கெட்டுக்குப் போய், தச்சர்கள் மரம் ஒட்ட வாங்கும் வஜ்ஜிரப் பசை, அதுவும் ஜெலட்டின்தான் என்று பழுப்புக் காகிதத்தில் கட்டிக்கொண்டு வந்தார்.

“எந்தக் கடை?”

“மரக்கடைங்களுக்குப் பின்னால ஒரு சந்து சார். போர்டு ஒண்ணும் இல்ல.”

“எதுலேருந்து எடுக்கறாங்களாம்?”

“கேக்கல சார். நீங்க சாப்பிடவா போறீங்க?”

சாப்பிடப் போவதில்லைதான். அளந்து பார்த்தபோது ரகுராம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். கீழேயிருந்து மேல்வரை, புத்தகத்தில் இருக்கும் மனிதச் சதையின் கோடும் கட்டியின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. வழிகாட்டிப் பேராசிரியர் சீனிவாசராகவன் முதல் முறையாக அவன் தோளைத் தட்டினார். “இது போதும்ப்பா ரகு. வியாழக்கிழமை வெளித் தேர்வாளர் வரார். நேர்லயே அளந்து காட்டிடலாம்.”

காட்டித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமையோடு ரகுராமின் பிஎச்.டி. பதிவு காலாவதி. இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. பட்டம் இல்லையென்றால் விரிவுரையாளர் வேலையும் இல்லை. ஐந்து வருஷமும் அந்த டிரேயில் உறைந்து கிடந்தது. முடி முளைத்தால் என்ன, மூக்கு முளைத்தால் என்ன, வியாழன் வரைக்கும் அதை விட்டால் அவனுக்குக் கதியில்லை.

செவ்வாய்க்கிழமை எடை போட்டான். ஜெல் கட்டி தினமும் கொஞ்சம் தண்ணீரை இழக்கும், பத்து கிராமாவது குறையும். இது இருநூற்றுப் பத்து கிராம் ஏறியிருந்தது. தராசு கோளாறு என்று ஒரு இரும்புக் குண்டை வைத்துப் பார்த்தான். தராசு சரியாகத்தான் இருந்தது. ஏசி பதினெட்டில் ஓடும் அறையில், இரண்டு கையுறைகளையும் தாண்டி கட்டியிலிருந்து ஒரு வெதுவெதுப்பு உள்ளங்கையில் ஏறியது. அப்புறம் அந்த நாற்றம். அழுகல் இல்லை. அழுகியிருந்தால்கூடப் பரவாயில்லை, தூக்கி எறிய ஒரு சாக்காவது இருந்திருக்கும். பைக் டாக்ஸிக்காரன் நீட்டுகிற ஹெல்மெட்டைத் தலையில் மாட்டும்போது முகத்தில் அடிக்குமே, முன்பின் தெரியாத பத்துப் பேரின் வியர்வையும் எண்ணெயும் வாய்க்காற்றும், அந்த நாற்றம். தைலத்தையும் மீறி அது மூக்குக்குள் புகுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இன்னும் ஏழெட்டு முடிகள் முளைத்திருந்தன. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

கோவிந்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். “பேடா, வேணாம் சார் இது. ஏதோ ஜீவன் மாதிரி இருக்கு. தூக்கிப் போட்டுடலாம்.”

“இன்னும் ரெண்டே நாள் கோவிந்தப்பா. யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க.”

“நானு தொடமாட்டேன் சார்.”

புதன்கிழமை மதியம் ரகுராம் ஒரு சவரக் கத்தி வாங்கிக்கொண்டு வந்தான்.

வேறென்ன செய்வான்? மேல்பக்கம் முழுக்க முடி. இதைத் தேர்வாளர் பார்த்தால் என்ன சொல்வார்? டிரேயைத் தள்ளுவண்டியில் வைத்து அளவை அறைக்குள் கொண்டுபோய் இரும்புக் கதவைச் சாத்தினான். அது தனி உலகம். சுவர், கூரை, கதவின் உட்புறம் என்று ஒரு இடம் விடாமல் முழங்கை நீளத்துக்குக் கருநீல நுரைக் கூம்புகள். அலையைக் குடிக்க வைத்த கூம்புகள் சத்தத்தையும் சேர்த்தே குடித்துவிடும். போனில் சிக்னல் வராது, ஹைவே லாரிகளின் ஹாரன் வராது, வெளியே வெயில் கொளுத்துகிறதா மழை கொட்டுகிறதா என்று தெரியாது. தன் வயிறு புரளும் சத்தமும், எச்சில் இறங்கும் சத்தமும், மேல்சட்டை தோளில் உரசும் சத்தமும் மட்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அமைதியில், மேலே தொங்கிய ஒற்றை விளக்கின் கீழ், ஒரு ஜெல் கட்டிக்குச் சோப்பு நுரை தடவினான் ரகுராம்.

கையுறை வழுக்கியது. கத்தி பிடிபடவில்லை. ஒரு ஜோடியைக் கழற்றினான். அப்படியும் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மற்றதையும் கழற்றினான். வெறும் விரல்கள் முதல் முறையாக அதன் மேல் பட்டன. சீ! மெத்தென்று, வெதுவெதுப்பாக, மேலே பிசுபிசுப்பும் அடியில் விறைப்புமாக இருந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டே கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

குளிர்ந்த இரும்பு பட்ட இடம் சிலிர்த்தது.

கண்ணெதிரே. சின்னச் சின்னப் புள்ளிகளாக மேற்பரப்பு எழும்பியது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அது பரவியதைப் பார்த்தான். நம்ப மறுத்தான். மறுபடி கத்தியை வைத்தான். மறுபடி சிலிர்த்தது. கத்தி வழுக்கி ஒரு மூலையில் கீறல் விழுந்தது. ரத்தம் வரவில்லை. கோந்து போல ஏதோ கசிந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே கட்டை விரலை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்தான், குழந்தைக்குக் கீறல் பட்டால் அழுத்துகிற மாதிரி. விரலைக் கீறல் கவ்விக்கொண்டது. கவ்வி, மெல்லச் சப்பியது. பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் மூலை வாளியில் வாந்தி எடுத்தான்.

மீதி முடியையும் ஒருவழியாக மழித்து முடித்துவிட்டு அரை மணி நேரம் கை கழுவினான். நாற்றம் போகவில்லை. துணி துவைத்த கை மாதிரி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. சோப்பினால் என்று நினைத்துக்கொண்டான். ராத்திரி பசிக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவனை ஒரு தரம் முறைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றார்.

தேர்வாளர் டாக்டர் டிரேவர் பதினோரு மணிக்கு வந்தார். காக்ஸ் டவுன்காரர், ஓய்வு பெற்ற விஞ்ஞானி, நல்ல மனிதர். அளவை அறைக்குள் வந்து பிளாஸ்டிக் உறை போர்த்திய கட்டியைக் குனிந்து பார்த்தார். “அச்சு அசல் தோல் மாதிரியே இருக்கே!” ரகுராம் பல்லைக் காட்டினான். “ஆனா மிஸ்டர் ரகுராம், புஸ்தகத்துல இருக்கிற மனுஷனை நான் நம்பறதில்ல. உயிருள்ள கையோட ஒப்பிட்டுக் காட்டுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனா நான் கையெழுத்துப் போடறேன்.”

அவ்வளவுதான். ஒரு கையெழுத்து.

அறை நடுவே சுழலும் மேடை இருந்தது. ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் ஸ்டூலில் ரகுராம். முழங்கை வரை சட்டையைச் சுருட்டி, வலது கையை நுரைத் தாங்கியில் நீட்டி வைத்தான். ஆண்டெனாவுக்கு எதிரே எது வருகிறதோ அதை மட்டும்தான் அது பார்க்கும். முதலில் கட்டி, மேடை அரைவட்டம் சுற்றியதும் கை. பேராசிரியரும் டிரேவரும் வெளியே திரை முன்னால் உட்கார்ந்தார்கள். உள்ளே கேமரா கிடையாது, அதுவும் அலையைத் திருப்பிவிடும் என்பதால். அவர்கள் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்கும். இவன் பேச வேண்டுமென்றால் கதவோரம் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும்.

கதவு சாத்திக்கொண்டது. அமைதி வந்து காதை அடைத்தது.

வயிறு புரளும் சத்தம் கேட்கவில்லை. எச்சில் விழுங்கினான். அதுவும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால், மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஏதோ கேட்டது. மெல்ல. சீராக. உள்ளே இழுத்து, வெளியே விட்டு.

ஒலிபெருக்கி கரகரத்தது. டிரேவரின் குரல். “ஓ, கையை முதல்ல வச்சுட்டீங்களா? பரவாயில்ல. பிரமாதமான கோடு. பாருங்க ப்ரொஃபசர், நாடித்துடிப்புகூடத் தெரியுது.”

இல்லை சார், அது கட்டி. சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேடை சுற்றியது. நின்றது. ஆண்டெனாவின் பதினாறு செப்பு இலைகளும் இப்போது அவன் கைக்கு நேரே.

“ம். இது ஜெல். உள்ளே எலும்பு இல்ல, நரம்பு இல்ல. வெறும் உப்புத்தண்ணியும் சர்க்கரையும். மேல போகப் போகக் கொஞ்சம் தொங்குது. ஆனாலும் சதைக்கு நல்லாவே கிட்ட வந்திருக்கு. இது போதும்.”

ரகுராம் தன் கையைப் பார்த்தான். தாங்கியின் விளிம்பு பட்ட இடத்தில் ஒரு பள்ளம். தோல் பழையபடி எழும்பும் என்று காத்திருந்தான். எழும்பவில்லை. இடது கை விரல்களால் முன்னங்கையை அழுத்தினான். நான்கு குழிகள் விழுந்தன. நான்கும் அப்படியே நின்றன. அடியில் தண்ணீர் ஊறியது. விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

எழுந்திருக்கப் பார்த்தான். தொடை ஸ்டூலோடு ஒட்டியிருந்தது.

“முடிஞ்சதுப்பா!” பேராசிரியரின் குரல். “டிரேவர் சார் கையெழுத்துப் போட்டுட்டார். கோவிந்தப்பாவை அனுப்பறேன், அந்த ஜெல்லை எறியச் சொல்லிட்டு நீ வெளியே வா.”

கதவு திறந்தது. கோவிந்தப்பா பெரிய கறுப்புப் பையோடு வந்தார். முழங்கை வரை ரப்பர் கையுறை. மூக்கில் துண்டு. மேடையருகே வந்தவர் முகத்தைச் சுளித்தார்.

“நீங்க போங்க சார். வெளிய காத்துட்டிருக்காங்க. இதை நான் பாத்துக்கறேன்.”

அவர் ரகுராமைப் பார்த்துப் பேசவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், மேடையின் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பேசினார்.

ஈரக் காலடிகள் அவனைத் தாண்டிக் கதவை நோக்கிப் போயின. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வெளியே கைதட்டல். “வாங்க டாக்டர் ரகுராம், வாங்க!” டிரேவர் வாய்விட்டுச் சிரித்தார். யாரோ பதிலுக்குச் சிரித்தார்கள்.

கோவிந்தப்பா பையின் வாயை விரித்துத் தரையில் வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ரகுராமின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். விரல்கள் பத்தும் மணிக்கட்டு வரை உள்ளே இறங்கின. வலிக்கவேயில்லை.