சரிவில் நின்ற கல்

மாதம்மாளின் வலது தோள் தீயாய் எரிந்தது. காலையிலிருந்து கனத்த கடப்பாரையைச் சுமந்துகொண்டு மலை ஏறினால் எரியாமல் என்ன செய்யும்? தோள் மாற்றினாள். நிற்கவில்லை.

அவள் தம்பி பச்சியப்பனை இரண்டு நாளாகக் காணோம். குவாரி சூப்பர்வைசர் தியாகராஜன்தான் அவனைத் தனியாக மேலே அனுப்பினான். உச்சிக் குகைக்குள் கருப்புக் கிரானைட் படிவு ஓடுகிறதா என்று பார்த்து வர வேண்டுமாம். இருந்தால் முதலாளிக்குப் புதையல். போனவன் திரும்பவில்லை. இன்று காலை, லோடு ஏற்றும் மேடைமேல் நின்று, நூறு பேர் கேட்கத் தியாகராஜன் கத்தினான்: "பச்சியப்பன் வேலைக்குப் பயந்து ஓடிட்டான்! தேடறேன்னு எவனும் வேலையைக் கெடுக்காதீங்க."

மேலே கல் சரிந்து அடைத்திருந்தால் நகர்த்த வேண்டும், பொக்லைனைக் கொடுங்கள் என்று மாதம்மாள் கேட்டாள்.

"டீசல் உங்கப்பனா ஊத்துவான்?" என்றான்.

அதனால் மூன்று பேர் நடந்தார்கள். மாதம்மாள், பொக்லைன் ஓட்டும் ரங்கன், கல் இழுப்பதில் குவாரியிலேயே பேர் வாங்கிய சடையன். இரண்டு கடப்பாரை, ஒரு தைலமரக் கட்டை, குவாரியிலிருந்து எடுத்த ஒரு கயிறு, ரங்கன் இடுப்பில் ஒரு கத்தி.

"பயந்து ஓடிட்டானாம்! அந்தாளு ஒருநாள் ஏறிப் பாக்கட்டும், பாதியிலயே கக்கிருவான்" என்றான் ரங்கன்.

"பேசற மூச்சை நடக்கறதுக்கு வையி" என்றாள் மாதம்மாள்.

குகை வாசலில் நான்கு பேர் படுக்கும் அகலத்துக்கு ஒரு பாறை மறித்து நின்றது. மேலிருந்து புதிதாகச் சரிந்த கல். அதன் முன்னால் ஐந்தாறு எட்டு வைக்க இடம். அதற்கப்பால் அதலபாதாளம்!

"பச்சீ!"

கல்லுக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. "அக்கா... பாறையில வடியற தண்ணியை நக்கிக்கிட்டுக் கெடக்கேன். சீக்கிரம்."

மாதம்மாள் அழவில்லை. பல்லைக் கடித்தாள். "சடையா, கயித்தைக் கட்டு!"

பாறையின் அடிவிளிம்பு தரையில் ஒரு பள்ளத்தில் மாட்டியிருந்தது. கடப்பாரையால் நெம்பித் தூக்கினால், முன்னாலிருந்து இழுக்கலாம். மாதம்மாள் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பாறையை ஒட்டி முட்டுக் கொடுத்தாள். ரங்கன் அதைத் தள்ளி வைக்கப் போனான்.

"தள்ளி வெச்சா நம்ம பலமெல்லாம் வீண். முட்டு கல்லுக்குப் பக்கத்துல இருக்கணும், கை தள்ளித் தூரமா பிடிக்கணும். பொக்லைன் ஓட்டி ஓட்டி மறந்துட்டியா?"

குவாரி வழக்கப்படி பாறைக்கு அடியில் ஈரக் களிமண்ணைப் பூசினார்கள், உரசல் குறைய. சடையன் தன் காலடியில் மட்டும் மணலைத் தூவினான். தரையைக் கால் முன்னுக்கு உதைத்தால்தான் உடம்பு பின்னுக்குச் சாய்ந்து இழுக்கும். வழுக்கினால் எந்தப் பலமும் உதவாது. கயிற்றின் ஒரு நுனி பாறையில். மறுநுனியை எப்போதும் போல இடுப்பில் முடிந்துகொண்டு, பாதாளத்துக்கு முதுகு காட்டி நின்றான்.

"ஏலேலோ... ஐலசா!"

அசையவில்லை. பள்ளமும் உரசலும் சேர்ந்து பிடித்திருந்தன.

"ஏலேலோ... ஐலசா!"

பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிப் பாறை எழும்பியது. நகர்ந்தது! ரங்கன் கூவினான். சடையன் கயிற்றைத் தளர்த்தினான். குவாரியில் தரை மட்டமாக இருக்கும். இழுப்பதை விட்டால் கல் நின்றுவிடும். இருபது வருடப் பழக்கம் அது.

இந்தக் கல் நிற்கவில்லை.

மாதம்மாள் அப்போதுதான் பார்த்தாள். களிமண்ணிலிருந்து வடிந்த தண்ணீர் பாதாளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தரை சரிவு! நின்ற கல்லை அசைக்க மூன்று பேர் பலம் தேவைப்பட்டது. நகர்ந்த கல்லுக்கு யாரும் தேவையில்லை.

"சடையா, விலகு!"

அவன் பக்கவாட்டில் துள்ளினான். இடுப்பு முடிச்சு அவிழவில்லை. கல் விழுந்தால் கயிறு அவனையும் கூட்டிக்கொண்டு போகும்!

மாதம்மாள் தைலமரக் கட்டையைப் பாறைக்கு முன்னால் வீசினாள். கட்டையின் ஒரு முனை பாறையிலும் மறுமுனை ஓரத்துக் குண்டுக்கல்லிலும் முட்டியது. மரம் முனகியது. "கத்தி! ரங்கா, கத்தி!" ரங்கன் பாய்ந்து சடையன் இடுப்புக் கயிற்றை அறுத்தான். மறுகணம் கட்டை முறிந்தது. பாறை விளிம்பைத் தாண்டியது. நெடுநேரம் கழித்துக் கீழே மலையே இடிந்ததுபோல் சத்தம் கேட்டது.

சடையன் உட்கார்ந்தான். இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும், மாதம்மா."

"அப்புறம் அடிக்கலாம். உள்ள போய் என் தம்பியைத் தூக்கு."

பச்சியப்பனை முதுகில் மாற்றி மாற்றிச் சுமந்து சாயங்காலம் குவாரிக்குள் நுழைந்தார்கள். கல் உடைத்தவர்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். விசில் பறந்தது. தியாகராஜன் பச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கம்பெனிக் கயிறு எங்க?"

"பள்ளத்துல கல்லோட கட்டிக் கெடக்கு. போய் அவுத்துக்க" என்றாள் மாதம்மாள். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "மேடையில ஏறு. என் தம்பி ஓடலைன்னு சொல்லு."

அவன் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சடையன் இப்போது இடுப்பில் கயிறு கட்டுவதில்லை. இழுக்கும் முன் தரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறான். அவன் கற்றுக்கொண்டான்.

பச்சியப்பன் ஓடிப்போகவில்லை. அதே மேடையில், அதே நூறு பேர் முன்னால் தியாகராஜன் இதைச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் அவன் தர வேண்டிய கடன்.